ஒட்டாத எலும்புக்கு லேப்ல செஞ்ச புரோட்டீன்: உள்ள போய் அது என்னதான் பண்ணுது?

நம்ம மலைப்பக்கம் கை கால் ஒடையாத வீடு ஒண்ணு காட்டுங்க பாப்பம். மழ நாள்ல கொழுந்துக் கூடையோட கான் தாண்டப் போயி வழுக்கி விழுறது, லயத்துப் படியில பாசி புடிச்சு சறுக்குறது, ஹட்டன் ரோட்டு வளைவுல த்ரீவீல் பெரள்றது, எப்புடியோ ஒண்ணு நடந்துக்கிட்டே தான் இருக்கு. டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டு போயி எக்ஸ்ரே எடுத்து பிளாஸ்டர் போட்டா பெரும்பாலும் சில கெழமையில, பெரிய எலும்பா இருந்தா சில மாசத்துல ஒட்டிக்கிது, மறுபடி மலைக்குப் போயிர்றாங்க.

ஆனா கொஞ்சப் பேருக்கு ஒட்டாது. நூறு முறிவுல அஞ்சுல இருந்து பத்து வரைக்கும் ஒண்ணு ரொம்ப லேட்டாகும், இல்லாட்டி ஒட்டாமலே நின்னுரும்னு தான் எலும்பு டொக்டர்மார் சொல்ற கணக்கு. அதுலயும் முழங்காலுக்குக் கீழ முன்னால கைய வெச்சா தட்டுப்படுமே அந்தக் கால் எலும்பு, அது தோலக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துருச்சுன்னா ரொம்ப மோசம், ஏன்னா அந்தப் பக்கம் சதையே இல்ல, வெறும் தோல் தான் மூடியிருக்கு, சதை இல்லாத எடத்துல ரத்த ஓட்டமும் கம்மி, அழுக்கும் மண்ணும் போயி கிருமி புடிக்கவும் லேசு. இப்புடி ஒட்டாம நிக்கிற எலும்ப ஒட்ட வைக்கத் தான் லேப்ல செஞ்ச புரோட்டீன்னு ஒண்ணு வந்திருக்கு. அது என்னன்னு தான் சொல்லப் போறேன், கெமிஸ்ட்ரி படிக்காதவங்களுக்கும் வெளங்குற மாதிரி.

முதல்ல எலும்புன்னா என்னன்னு பாத்துருவோம், ஏன்னா நெறையப் பேரு எலும்புன்னா வெறும் கல்சியம்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க, பால் குடி பால் குடின்னு சொல்றதோட சரி. கோழிக்கால் எலும்பு ஒண்ண நல்லாக் கழுவி ஒரு போத்தல்ல போட்டு மூழ்குற அளவுக்கு வினாகிரி ஊத்தி மூடி வெச்சுப் பாருங்க, ஒரு ரெண்டு நாளைக்கு ஒருக்கா வினாகிரிய மாத்துங்க. ஒரு கெழமைக்கிட்ட ஆனதும் எடுத்து வளைச்சா எலும்பு ஒடையாது, வளையும். உள்ள இருந்த கல்சியம் பொஸ்பேட் உப்பக் கரைச்சு வினாகிரி எடுத்துருச்சு, மிச்சம் நிக்கிறது பெரும்பாலும் கொலாஜன்ங்கிற புரோட்டீன். எலும்போட எடையில கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு அந்த உப்பு, மிச்சத்துல கொலாஜனும் தண்ணியும் செல்லும். உப்பு கெட்டியக் குடுக்குது, கொலாஜன் ஒடையாம தாங்குது. அத்தோட எலும்புக்குள்ள உசிருள்ள செல்லுங்க இருக்கு, ஒரு வகை பழைய எலும்ப அரிச்சு எடுக்கும், இன்னொரு வகை புதுசாக் கட்டும், இந்த வேல நம்ம தூங்கும்போது கூட நடந்துக்கிட்டே தான் இருக்கு.

எலும்பு ஒடைஞ்சா என்ன ஆகும்? மொதல்ல அந்த எடத்துல ரத்தம் கட்டிக்கிது, வீங்குது, சுடுது, வலிக்குது. அந்த வீக்கத்த சும்மா நெனைக்காதீங்க, அதுல இருந்து தான் சிக்னல் போகுது. ரெண்டு மூணு கெழமைக்குள்ள குருத்தெலும்பு மாதிரி மெத்துன்னு ஒரு முடிச்சு உருவாகி ரெண்டு துண்டையும் புடிச்சுக்கிது, அப்புறம் அதுக்குள்ள உப்பு ஏறி கெட்டியாகுது, அதுக்குப் பொறவு மாசக்கணக்குல, சில நேரம் வருஷக்கணக்குல, வேண்டாத புடைப்ப எல்லாம் அரிச்சு எடுத்து பழைய வடிவத்துக்குக் கொண்டு வருது. தோல்ல வெட்டுப் பட்டா தழும்பு விழும், எலும்பு அப்புடி இல்ல, நல்லா ஒட்டுனா தழும்பில்லாம எலும்பாவே வரும். ஒடம்புல இப்புடி ஆறுற உறுப்புங்க ரொம்பக் கொறைவு.

சரி, இந்த செல்லுங்களுக்கு யாரு சொல்றா, நீ இங்க வா, நீ குருத்தெலும்பாகு, நீ எலும்பு கட்டுன்னு? காலையில பெரட்டுக் களத்துல எல்லாரும் நிப்பாங்க, கங்காணி பேர் கூப்புட்டு இன்ன மலைக்குப் போ, நீ கான் வெட்டப் போன்னு சொன்னா தான் வேல தொடங்கும், ஆள் எத்தன பேர் நின்னாலும் பேர் கூப்புடாட்டி மலை சும்மாத் தான் கெடக்கும். ஒடம்புல பேர் கூப்புடுற வேலயச் செய்யுறது சில புரோட்டீனுங்க. எலும்பு மச்சையிலயும் எலும்பச் சுத்தி இருக்கிற சவ்வுலயும் சதையிலயும் இன்னும் எந்த வேலையும் எடுக்காத செல்லுங்க நெறைய இருக்கு, இந்தப் புரோட்டீன் வந்து அதோட மேல்தோல்ல இருக்கிற ஏற்பியில, அதாவது சேதி வாங்குற கொக்கியில, ஒட்டுனா செல்லுக்குள்ள அடுத்தடுத்து சேதி போயி கடைசில ஜீன் மட்டத்துல எலும்பு கட்டுற வேல ஓன் ஆகுது. இதுல முக்கியமான குடும்பத்துக்குப் பேரு பீஎம்பி, எலும்பு உருவாக்குற புரோட்டீன்னு வெச்சுக்கங்க.

இதக் கண்டுபுடிச்ச கத ரொம்ப சுவாரசியம். மார்ஷல் யூரிஸ்ட்னு அமெரிக்காவுல லொஸ் ஏஞ்சலிஸ்ல ஒரு எலும்பு சேர்ஜன். நான் மேல சொன்ன வினாகிரி வேலயத் தான் அவரு ஹைட்ரோகுளோரிக் அசிட் வெச்சு செஞ்சாரு. எலும்புல இருந்து உப்ப எல்லாம் எடுத்துட்டு மிச்சமுள்ள மெதுவான சாமான மொயல் மாதிரி மிருகங்களோட சதைக்குள்ள வெச்சுத் தைச்சாரு, கவனிங்க, எலும்புக்குப் பக்கத்துல இல்ல, சதைக்குள்ள. கொஞ்ச நாளைக்குப் பொறவு தொறந்து பாத்தா அங்க புது எலும்பு, மச்சையோட சேத்து! வெச்ச எலும்புல உசிருள்ள செல்லே இல்ல, அப்ப புது எலும்ப கட்டுனது அந்த மிருகத்தோட சொந்த செல்லுங்க தான், உப்பெடுத்த எலும்புக்குள்ள இருந்த ஏதோ ஒண்ணு அதுங்களக் கூப்புட்டிருக்கு. இது 1965ல சயன்ஸ் பத்திரிகையில வந்துச்சு. அந்த ஏதோ ஒண்ணு புரோட்டீன் தான்னு சொல்லி பீஎம்பின்னு பேரு வெச்சதும் அவரு தான்.

ஆனா பேரு வெச்சதுக்கும் சாமான் கைக்கு வந்ததுக்கும் நடுவுல ரொம்ப வருஷம் போயிருச்சு. ஏன்னா ஒரு கிலோ எலும்புல இது மைக்ரோகிராம் கணக்குல தான் இருக்கு, மாட்டு எலும்பு கிலோ கிலோவா அரைச்சு சலிச்சு எடுத்தா கண்ணுக்கே தெரியாத அளவு தான் கெடைக்கும். 1988ல தான் மசாசுசெட்ஸ்ல ஜெனட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட்ங்கிற கம்பெனி ஆளுங்க அதோட மனுஷ ஜீன தனியா எடுத்தாங்க. அதுல ஒரு கூத்து, ஒண்ணு ரெண்டு மூணுன்னு நம்பர் போட்டாங்களா, அந்த ஒண்ணாம் நம்பர் பீஎம்பி உண்மையில இந்தக் குடும்பமே இல்ல, அது கொலாஜன வெட்டிச் சரிப்படுத்துற ஒரு என்சைம்னு பின்னால தெரிஞ்சுச்சு, பேர மட்டும் மாத்தாம விட்டுட்டாங்க. மருந்தா வந்தது ரெண்டாம் நம்பரும் ஏழாம் நம்பரும்.

ஜீன் கெடைச்சாச்சுன்னா அப்புறம் எலும்பு அரைக்கத் தேவையில்ல. சைனீஸ் ஹாம்ஸ்டர்னு எலி வகையில ஒரு சின்ன மிருகம், அதோட சூலகத்துல (முட்ட உருவாகுற உறுப்புல) இருந்து எடுத்த செல்லுங்கள லேப்ல பல வருஷமா வளத்துக்கிட்டு வர்றாங்க, அந்த செல்லுக்குள்ள மனுஷ ஜீனப் போட்டு பெரிய தொட்டியில வளத்தா அது மனுஷ புரோட்டீன செஞ்சு வெளிய விடும், அத வடிச்சு சுத்தம் பண்ணி ஒறைய வெச்சு காய வெச்சு தூளாக்கி சின்ன போத்தல்ல அடைப்பாங்க. சீனி வருத்தக்காரங்க போடுற இன்சுலின் பக்டீரியாவுலயும் ஈஸ்ட்லயும் செய்யுறது, இதுவும் அந்த வழி தான். ரெண்டாம் நம்பர் பீஎம்பிங்கிறது ஒரே மாதிரி ரெண்டு சங்கிலி ஜோடியா கொக்கி போட்டு நிக்கிறது, ஒவ்வொரு சங்கிலியிலயும் 114 அமினோ அசிட், புரோட்டீன் மாலையில கோத்த மணிங்கன்னு வெச்சுக்கங்க. கொக்கி சரியா விழாட்டி வேல செய்யாது.

இப்ப ஒபரேஷன் தியேட்டருக்குள்ள போவோம். ஒட்டாத எலும்புக்கு பழைய, இன்னைக்கும் நம்பிக்கையான வைத்தியம் என்னன்னா அந்த ஆளோட இடுப்பெலும்புல இருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து முறிஞ்ச எடத்துல நெரப்புறது. சொந்த எலும்பு, சொந்த செல், சொந்த பீஎம்பி, எல்லாம் அதுல இருக்கு. ஆனா ரெண்டு எடத்துல வெட்டணும். எங்க தோட்டத்துல ஒரு மாமாவுக்கு அப்புடி செஞ்சாங்க, கால் நல்லா ஒட்டிருச்சு, அவர்ட்ட போயி கால் எப்புடி மாமான்னு கேட்டா "காலு கெடக்கட்டும்டா, இந்த இடுப்பு தான் குளிருக்கு இழுக்குது"ன்னு தடவிக் காட்டுவாரு. இடுப்புல எடுத்த எடத்துல மாசக்கணக்குல வலி நிக்கிறது தெரிஞ்ச விஷயம் தான். அத்தோட எடுக்கக்கூடிய அளவும் கொஞ்சம், பெரிய பள்ளமா இருந்தா பத்தாது.

இந்த இடுப்பு வெட்டு வேணாமேன்னு தான் புரோட்டீன். போத்தல்ல உள்ள தூள்ல கிருமியில்லாத தண்ணி ஊத்தி மெதுவா ஆட்டிக் கரைப்பாங்க, நொரை வர்ற மாதிரி குலுக்கக் கூடாது. ஒரு வெள்ள பஞ்சுத் துண்டு, துணி மாதிரி வெட்டலாம், அது மேல இந்தத் தண்ணிய சமமா சொட்டுச் சொட்டா விட்டு கொறஞ்சது கால் மணி நேரம் அப்புடியே வெக்கணும், அந்த நேரத்துல தான் புரோட்டீன் பஞ்சோட நாருல புடிச்சுக்கும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள பாவிச்சிரணும். அப்புறம் அந்தப் பஞ்ச முறிவச் சுத்தி வெச்சு சதைய மூடித் தைச்சிருவாங்க. புழியக் கூடாது, புழிஞ்சா மருந்து தான் வெளிய போகும். அந்தப் பஞ்சு மாட்டோட தசைநாருல இருந்து எடுத்த கொலாஜன், மாடு சாப்புடாத நம்மாளுங்க கேட்டா மூஞ்சிய ஒரு மாதிரி வெப்பாங்க, ஆனா சில மாசத்துல அது ஒடம்புலயே கரைஞ்சிரும், அந்த எடத்துல நிக்கிறது சொந்த எலும்பு மட்டும் தான்.

அமெரிக்காவுல மருந்துக் கட்டுப்பாட்டுக்காரங்க 2002ல கீழ் முதுகுத் தண்டு எலும்புங்கள ஒண்ணாச் சேக்குற ஒபரேஷனுக்கு இந்த ரெண்டாம் நம்பர் பீஎம்பிய அனுமதிச்சாங்க, 2004ல தோல் கிழிஞ்ச கால் எலும்பு முறிவுக்கு, 2007ல பல்லு கட்டுறதுக்காக தாடை எலும்ப வளக்குற வேலைக்கு. கால் முறிவுக்கு ஆதாரம் 450 பேர வெச்சு பல நாட்டுல செஞ்ச ஒரு ஆய்வு, மறுபடி ஒபரேஷன் பண்ண வேண்டி வர்ற ஆபத்து கூடுன டோஸ் குடுத்தவங்களுக்கு 44 வீதம் கொறைஞ்சுச்சு. இது வரைக்கும் கேட்டா அற்புதம் தான். ஏழாம் நம்பர் இன்னொரு கம்பெனியில வந்து கொஞ்ச வருஷத்துல கடையக் கட்டிருச்சு.

இனி தான் வில்லங்கம், என்னயக் கேட்டா இந்த விஷயத்துல வெளங்கிக்க வேண்டியதே இந்தப் பகுதி தான். பஞ்சு புரோட்டீன இறுக்கிப் புடிச்சு வெக்காது. உள்ள வெச்ச கொஞ்ச நாளைக்குள்ள பெரும்பகுதி கசிஞ்சு போயிரும், ரத்தத்துல கலந்துச்சுன்னா நிமிஷக்கணக்குல அழிஞ்சிரும், ஆனா எலும்பு ஒட்ட வாரக்கணக்குல சிக்னல் வேணும். அப்ப என்ன பண்ணாங்க, அள்ளிப் போட்டாங்க. ஒரு மில்லிலீட்டருக்கு 1.5 மில்லிகிராம், அதாவது 1500 மைக்ரோகிராம். மேல சொன்னேனே ஒரு கிலோ எலும்புல மைக்ரோகிராம் கணக்குல தான் இருக்குன்னு, ஒப்பிட்டுப் பாருங்க, ஒரு ஆளோட ஒடம்பு பூரா உள்ளத விட எத்தனையோ மடங்கு ஒரே எடத்துல. கங்காணி மலையில நின்னு கூப்புடுறதுக்குப் பதிலா டவுன் பூரா லவுட்ஸ்பீக்கர் கட்டுன கத தான், வேண்டியவங்களும் வருவாங்க, வேண்டாதவங்களும் வருவாங்க.

கசிஞ்சது பக்கத்துச் சதைக்குள்ள போயி அங்க எலும்பு வளந்துச்சு. நரம்புக்குப் பக்கத்துல வளந்தா நரம்பு அமுங்கி வலி. எலும்பு கட்டுற செல்ல மட்டும் இல்லாம அரிக்கிற செல்லயும் உசுப்பி விட்டு சில பேருக்கு மொதல்ல எலும்பு கரைஞ்சுச்சு. அனுமதியே இல்லாத கழுத்துத் தண்டு ஒபரேஷனுக்கு சில டொக்டர்மார் பாவிச்சப்ப கழுத்து வீங்கி மூச்சுக்குழாய் அடைபடுற அளவுக்குப் போச்சு, 2008ல எச்சரிக்க விட வேண்டி வந்துச்சு. இதுக்கு மேல இன்னொண்ணு, ஆரம்பத்துல கம்பெனி காசுல நடந்த ஆய்வுங்கள்ல பக்க விளைவு கிட்டத்தட்ட இல்லன்னு எழுதியிருந்தாங்க, 2011ல ஒரு முதுகெலும்புப் பத்திரிகை பூரா அத மறுபடி தோண்டி எடுத்து, சொன்னத விட 10 முதல் 50 மடங்கு வரைக்கும் கூட இருக்கலாம்னு போட்டுச்சு. அப்புறம் யேல் பல்கலைக்கழகம் மூல டேட்டா எல்லாத்தையும் வாங்கி ரெண்டு தனித்தனிக் குழுவுக்குக் குடுத்துப் பாக்கச் சொன்னாங்க, 2013ல வந்த முடிவு, முதுகு ஒபரேஷன்ல இடுப்பெலும்பு வெக்கிறத விட இது பெருசா மேல்னு சொல்ல ஏலாதுன்னு. விலையோ ஆயிரக்கணக்கான டொலர். எனக்குத் தெரிஞ்சு புரோட்டீன் மேல குத்தம் சொல்றது சரியில்ல, எங்க போடணும் எவ்வளவு போடணும்ங்கிறதுல அவசரப்பட்டது தான் பெழப்பக் கெடுத்துச்சு.

இந்தச் சிக்னல் நிக்காம ஓடுனா என்ன ஆகும்ங்கிறதுக்கு இயற்கையிலயே ஒரு கொடுமையான உதாரணம் இருக்கு. ரொம்ப அபூர்வமான ஒரு பரம்பர நோய், பீஎம்பியப் புடிக்கிற ஒரு ஏற்பியச் செய்யுற ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறிப்போனதால வர்றது, அந்த ஜீன 2006ல கண்டுபுடிச்சாங்க. அந்தப் புள்ளைங்களுக்கு கீழ விழுந்து அடிபட்டா, ஒரு ஊசி போட்டாக் கூட, சதை மெல்ல மெல்ல எலும்பா மாறும், வயசு ஏற ஏற மூட்டெல்லாம் பூட்டிக்கும். வெட்டி எடுத்தா வெட்டுன எடத்துல இன்னும் கூட வளரும். அதனால தான் நம்ம ஒடம்பே பீஎம்பியப் புடிச்சு அடக்குறதுக்குன்னு தனிப் புரோட்டீனுங்கள வெச்சிருக்கு, அதுல ஒண்ணு பேரு நொகின்.

இப்ப அடுத்த விஷயத்துக்கு வருவோம், புரோட்டீன மாத்தி அமைக்கிறது. இது வரைக்கும் சொன்னது ஒடம்புல உள்ளத அப்புடியே லேப்ல செஞ்சது. அடுத்த கட்டம், அதோட அமைப்பையே நம்ம தேவைக்கு மாத்துறது. சுவிட்சர்லாந்துல லோசான்ல ஒரு குழு ஒரு வேல பண்ணாங்க, 2014ல சயன்ஸ்ல வந்துச்சு. ஒடம்புல இருக்கிற வளர்ச்சிப் புரோட்டீனுங்கள ஒவ்வொண்ணா எடுத்து எது செல்லுக்கு வெளிய இருக்கிற நாருங்களோட ரொம்ப இறுக்கமா ஒட்டுதுன்னு சோதிச்சாங்க. நஞ்சுக்கொடியில மொதல்ல கண்டுபுடிச்ச ஒரு வளர்ச்சிப் புரோட்டீன் தான் அதுல கில்லாடி. அது முழுசும் தேவையில்ல, ஒட்டுற வேலயச் செய்யுற இருபத்துச் சொச்சம் அமினோ அசிட் துண்ட மட்டும் எடுத்து பீஎம்பியோட சேத்துட்டாங்க. இப்ப அந்தப் புதுப் புரோட்டீன் வெச்ச எடத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், லேசுல கசியாது. எலியோட மண்டையோட்டுல சின்ன ஓட்ட போட்டு அதுல வெச்சுப் பாத்தா, சாதா பீஎம்பி சரியா வேல செய்யாத சின்ன டோஸ்லயே எலும்பு நெறஞ்சுச்சு. டோஸக் கூட்டாம ஒட்டுற தன்மையக் கூட்டுறது, எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச யோசன இது தான்.

இன்னொரு குழு வேற வழியில போனாங்க. நொகின் ரெண்டாம் நம்பரப் புடிச்சு அடக்கிரும், ஆறாம் நம்பர் அவ்வளவு லேசாப் புடிபடாது. அப்ப ரெண்டாம் நம்பர்ல கொஞ்சம், ஆறாம் நம்பர்ல கொஞ்சம், அக்டிவின்ங்கிற சொந்தக்காரப் புரோட்டீன்ல கொஞ்சம்னு துண்டு துண்டா எடுத்து ஒரே புரோட்டீனா தைச்சாங்க. பஞ்சுக்குப் பதிலா உப்பும் கொலாஜனும் கலந்த, அமுக்குனா நசுங்காத ஒரு தாங்கியில வெச்சு கொரங்குங்களுக்குப் போட்டுப் பாத்தாங்க, பழைய மருந்தோட செறிவுல பத்துல ஒரு பங்கு, அதுக்கும் கொறைவுலயே நல்லா ஒட்டுச்சுன்னு 2019ல வெளியிட்டாங்க. இப்ப கம்பியூட்டர்ல உக்காந்து இயற்கையிலயே இல்லாத புரோட்டீன வரைஞ்சு செய்யுற வித்தையும் வந்துருச்சு, 2024 கெமிஸ்ட்ரி நோபல் பரிசுல பாதி அதுக்குத் தான் டேவிட் பேக்கருக்குப் போச்சு, எலும்புக்கும் அந்த வழியில ஆளுங்க வேல செய்யுறாங்க. எலியில நல்லா வேல செஞ்சது மனுசன்ல செய்யும்னு மட்டும் நெனச்சிராதீங்க, எலி எலும்பு தானாவே கெதியா ஒட்டுறது.

ஊசி மூலமா ஒடம்பு பூரா போற புரோட்டீன் மருந்தும் இருக்கு, அது எலும்புத் தேய்மானத்துக்கு. பாராதைரொயிட் ஹோர்மோன்ல மொத 34 அமினோ அசிட் மட்டும் எடுத்துச் செஞ்ச டெரிபாராடைட் ஒண்ணு, எலும்பு கட்டுறதத் தடுக்கிற ஸ்க்ளெரோஸ்டின்ங்கிற புரோட்டீனப் புடிச்சு வெக்கிற ரோமோசோசுமாப் இன்னொண்ணு. இந்த ரெண்டாவது மருந்து ஒடைஞ்ச எலும்பையும் சீக்கிரம் ஒட்ட வெக்கும்னு எதிர்பாத்தாங்க, 2020ல வந்த ரெண்டு ஆய்வுல இடுப்பு முறிவுக்கும் கால் முறிவுக்கும் பலன் ஒண்ணும் தெரியல.

சரி, நம்மாளுங்களுக்கு இதுனால என்ன? நம்ம பக்கம் அரசாங்க ஆஸ்பத்திரியில எலும்பு ஒட்டாட்டி சாதாரணமாச் செய்யுறது இன்னும் பிளேட்டும் கம்பியும் இடுப்பெலும்பும் தான், அத ரெண்டாந்தரம்னு யாரும் நெனைக்க வேணாம், மேல சொன்ன யேல் கணக்கப் பாத்தா தெரியும். பேர் கூப்புடுற புரோட்டீன் எவ்வளவு நல்லதா இருந்தாலும் ரத்தம் ஓடாத எடத்துல செல் வராது, அதனால சிகரெட், பீடி, வெத்தலையோட போடுற பொயில, இதெல்லாம் பிளாஸ்டர் இருக்கிற காலத்துலயாவது வேணாம், நிக்கொட்டின் ரத்தக் குழாயச் சுருக்கிரும். சீனி வருத்தம் இருந்தா கிளினிக் கொப்பிய எலும்பு டொக்டர்கிட்டயும் காட்டுங்க. வெதமாத்தயாகிட்ட, நாட்டு வைத்தியர்கிட்ட, போறவங்க போங்க, நான் தடுக்கல, எங்க வீட்டுலயே பத்து போட்டவங்க உண்டு, ஆனா தோல் கிழிஞ்ச முறிவோட, இல்ல வெரல் மரத்துப்போயி நீலமா இருக்கும்போது மட்டும் அங்க போகாதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

புள்ளத்தாச்சிக்கும், வளர்ற வயசுப் புள்ளைங்களுக்கும், அந்த எடத்துல கேன்சர் கட்டி இருந்தவங்களுக்கும் பீஎம்பி வெக்கக் கூடாதுன்னு மருந்து லேபல்லயே இருக்கு, வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்க காசு அனுப்புறேன் அத வெச்சுக்கன்னு சொன்னா டொக்டர்கிட்ட முதல்ல இதக் கேளுங்க. அத்தோட ஃபேஸ்புக்ல எலும்பு புரோட்டீன், எலும்ப ஒட்ட வெக்கிற பவுடர்னு டப்பா விக்கிறாங்க இல்லையா, வாய்ல போட்டா எந்தப் புரோட்டீனும் வயித்துல துண்டு துண்டா அறுந்து பெரும்பாலும் சாதாரண அமினோ அசிட்டாத் தான் ரத்தத்துக்குப் போகும், பருப்புலயும் முட்டையிலயும் நெத்திலியிலயும் வர்றதும் அதே அமினோ அசிட் தான், டப்பா வெலையில ஒரு மாசத்துக்கு முட்ட வாங்கலாம்.